மக்னீசியம் குளோரைடில் ‘டை’ ஏன் வருவதில்லை? இரும்புக்கு மட்டும் எண் எதற்கு?

வேளிமலை அடிவாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். நான் வணிகவியல் படித்தவள் என்பதால், அவள் வேதியியலில் ஏதாவது கேட்டால் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து நானும் படிக்க வேண்டியிருக்கிறது. அண்மையில் நடந்த வகுப்புத் தேர்வில் அயனிச் சேர்மங்களுக்குப் பெயர் எழுதும் பகுதியில் அவளுக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. விடைத்தாளில் சிவப்பு மையில் வட்டம் மட்டும் போட்டிருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை.

இந்தத் தளத்தில் கீழ்க்குறி எண்கள் சரியாக வராததால் வாய்பாடுகளைச் சொற்களாகவே தருகிறேன். ஒரு மக்னீசியமும் இரண்டு குளோரினும் உள்ள சேர்மத்துக்கு அவள் ‘மக்னீசியம் டைகுளோரைடு’ என்று எழுதியது தவறு. ஒரு இரும்பும் மூன்று குளோரினும் உள்ளதற்கு ‘இரும்புக் குளோரைடு’ என்று எழுதியதும் தவறு. அடைப்புக்குறிக்குள் எண் வேண்டுமாம். சரி, எண் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, இரண்டு இரும்பும் மூன்று ஆக்சிஜனும் உள்ளதற்கு ‘இரும்பு(2) ஆக்சைடு’ என்று எழுதினால் அதற்கும் வட்டம்.

கார்பனோடு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு என்றுதானே சொல்கிறோம்? அப்படியிருக்க மக்னீசியத்தோடு இரண்டு குளோரின் சேரும்போது மட்டும் ‘டை’ என்று சொல்லக் கூடாது என்பது ஏன்? ஒரு உலோகத்துக்கு எண் வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நைட்ரைடு, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றும் அவளுக்கு ஒன்றோடொன்று குழம்புகின்றன. விதிகளின் பட்டியல் எங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோட்டாறு சார்

அம்மா, உங்கள் மகள் செய்த மூன்று தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். வாய்பாட்டில் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கையைப் பெயருக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். அயனிச் சேர்மத்தின் பெயர் எண்ணிக்கையைச் சொல்வதற்காக ஏற்பட்டதன்று. எந்த நேர் அயனியும் எந்த எதிர் அயனியும் சேர்ந்திருக்கின்றன என்பதை மட்டும் அது சொல்கிறது. எத்தனைக்கு எத்தனை என்பதை அந்த அயனிகளின் மின்சுமையே சொல்லிவிடும்.

சமையலறை உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உப்புப் படிகத்துக்குள் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் தனி இணையாகக் கைகோத்து நிற்பதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றி ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியைச் சுற்றி ஆறு சோடியம் அயனிகளும் அமைந்து, அந்த அடுக்கு படிகத்தின் விளிம்பு வரையில் தொடர்கிறது. ஆகவே நாம் எழுதும் வாய்பாடு ஒரு விகிதம் மட்டுமே. மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாக இருந்தாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனை அந்த விகிதத்தை நிர்ணயிக்கிறது. மக்னீசியம் தனிம அட்டவணையின் இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தது. அதன் அயனியின் மின்சுமை +2. குளோரைடு அயனியின் மின்சுமை -1. இவை இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தைத் தவிர வேறொன்று அமையாது. ‘மக்னீசியம் குளோரைடு’ என்று சொன்ன உடனேயே இரண்டு என்பது தெரிந்துவிடுவதால், ‘டை’ என்ற முன்னொட்டுக்குச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

கார்பனும் ஆக்சிஜனும் சேரும்போது நிலைமை வேறு. இரண்டும் அலோகங்கள், எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனவே தவிர அயனிகளாவதில்லை. விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்ல அங்கே மின்சுமை இல்லை. ஒன்றுக்கு ஒன்று சேர்ந்த கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் நச்சு வாயு. ஒன்றுக்கு இரண்டு சேர்ந்தது நாம் வெளிவிடும் மூச்சில் இருப்பது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தரும் ஆக்சைடுகளோ அரை டஜனுக்குக் குறையாது. எனவே அலோகங்கள் தமக்குள் சேரும் சேர்மங்களில் மோனோ, டை, ட்ரை என்று எண்ணிச் சொல்வது கட்டாயமாகிறது.

இனி இரும்புக்கு வருவோம். இரும்பு +2 ஆகவும் இருக்கும், +3 ஆகவும் இருக்கும். இரண்டு குளோரைடு கொண்ட இரும்புச் சேர்மம், மூன்று குளோரைடு கொண்டது ஆகிய இரண்டும் ஆய்வகப் புட்டிகளில் தனித்தனியே இருக்கின்றன. நீரேறிய நிலையில் முன்னது வெளிர்பச்சை, பின்னது மஞ்சள் கலந்த பழுப்பு. வெறுமனே ‘இரும்புக் குளோரைடு’ என்று கேட்டால் எந்தப் புட்டியை எடுப்பது? அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகத்தான் உலோக அயனியின் மின்சுமையை ரோமன் எண்ணில், அடைப்புக்குறிக்குள், உலோகத்தின் பெயரை ஒட்டி எழுதுகிறோம். (நான் இங்கே வசதிக்காக 2, 3 என்று எழுதுகிறேன், தேர்வில் ரோமன் எண்தான் எழுத வேண்டும்.) இந்த முறையை 1919 இல் முன்வைத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்.

இங்கேதான் உங்கள் மகளின் மூன்றாவது தவறு நிகழ்கிறது. அடைப்புக்குறிக்குள் வரும் எண், ஓர் உலோக அயனியின் மின்சுமை. வாய்பாட்டில் உலோகத்துக்குக் கீழே இருக்கும் எண் அன்று. இரண்டு இரும்பும் மூன்று ஆக்சிஜனும் உள்ள சேர்மத்தைப் பார்த்தால் எதிர் அயனியிலிருந்து தொடங்க வேண்டும். ஆக்சைடு எப்போதும் -2. மூன்று ஆக்சைடுகளுக்கு மொத்தம் -6. அதைச் சமன்செய்ய இரண்டு இரும்பு அயனிகள் சேர்ந்து +6 தர வேண்டும், ஒன்றுக்கு +3. எனவே அது இரும்பு(3) ஆக்சைடு. இரும்புக்குக் கீழே நிற்கும் 2, ஆக்சைடின் மின்சுமையிலிருந்து வந்தது. இரும்பின் மின்சுமையான 3 ஆக்சிஜனுக்குக் கீழே நிற்கிறது. மின்சுமைகளைக் குறுக்காக மாற்றி எழுதும் முறையைப் பழகிய பிள்ளைகள் பெயருக்குத் திரும்பும்போது இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அந்த முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: மக்னீசியம் ஆக்சைடை எழுதும்போது இரண்டுக்கு இரண்டு என்று வரும், அதை ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்க மறந்துவிடுவார்கள். குறுக்காக மாற்றுவதைவிட, மொத்த மின்சுமை பூச்சியமாகிறதா என்று கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் என்பது என் கருத்து.

எண் வேண்டிய உலோகங்கள் பெரும்பாலும் தனிம அட்டவணையின் நடுப்பகுதியில் இருப்பவை: இரும்பு, காப்பர், குரோமியம், மாங்கனீசு, கோபால்ட், பாதரசம். இவற்றோடு வெள்ளீயம், காரீயம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி, அலுமினியம் ஆகியவற்றுக்கு எண் தேவையில்லை. நடுப்பகுதியிலும் துத்தநாகம் +2, வெள்ளி +1 என்று பள்ளி அளவில் ஒரே நிலையில் நிற்பதால் அவற்றுக்கும் எண் எழுதுவதில்லை.

பழைய முறையில் குறைந்த மின்சுமைக்கு ஃபெரஸ், குப்ரஸ் என்றும் கூடிய மின்சுமைக்கு ஃபெரிக், குப்ரிக் என்றும் சொல்வார்கள். ஃபெரஸ் என்றால் +2, குப்ரஸ் என்றால் +1. ஆக, விகுதி ஒன்றாக இருந்தும் எண் வேறாக இருக்கிறது. எது குறைவு, எது கூடுதல் என்பதற்கு மேல் அந்த விகுதி எதையும் சொல்லாது என்பதால்தான் புதிய முறை நிலைத்தது. ஆனாலும் பழைய பெயர்கள் ஒழியவில்லை. சத்து மாத்திரை அட்டையில் இன்றைக்கும் ஃபெரஸ் சல்பேட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அது இரும்பு(2) சல்பேட்.

கடைசியாக, குழப்பும் அந்த மூன்று விகுதிகள். ஒரே தனிமத்தால் ஆன எதிர் அயனிக்கு ‘ஐடு’ வரும்: குளோரைடு, ஆக்சைடு, சல்பைடு, நைட்ரைடு. நைட்ரைடு என்றால் நைட்ரஜன் மட்டும், மின்சுமை -3. ஆக்சிஜனும் சேர்ந்த பல்லணு அயனிகளுக்கு ‘ஐட்’ அல்லது ‘ஏட்’. இவ்விரண்டில் ‘ஏட்’ என்பதில் ஆக்சிஜன் ஒன்று கூடுதல், மின்சுமை மாறாது. நைட்ரைட்டில் இரண்டு ஆக்சிஜன், நைட்ரேட்டில் மூன்று, இரண்டுக்கும் மின்சுமை -1. சல்பைட்டில் மூன்று, சல்பேட்டில் நான்கு, இரண்டுக்கும் -2. ஹைட்ராக்சைடும் சயனைடும் பல்லணு அயனிகளாக இருந்தும் ‘ஐடு’ பெறுகின்றன. அவற்றை விலக்காக வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை ஆக்சிஜன் என்பதை விகுதியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அம்மோனியம், ஹைட்ராக்சைடு, நைட்ரேட், நைட்ரைட், சல்பேட், சல்பைட், கார்பனேட், ஹைட்ரஜன் கார்பனேட், பாஸ்பேட், பெர்மாங்கனேட் ஆகியவற்றை மின்சுமையோடு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. அதை முதலில் முடித்துவிட்டுப் பெயரிடலுக்கு வந்தால் பாரம் பாதியாகக் குறையும். பல வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது.

மணக்குடிக் காயல்

சார் எழுதியதை ஒட்டி ஒன்றிரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். நான் புத்தளம் பக்கத்தில் உப்பளம் சார்ந்த ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் மகளை ஒருநாள் புத்தளம், சாமித்தோப்பு, தாமரைக்குளம் பக்கமுள்ள அளங்களுக்கு அழைத்துக்கொண்டு வந்தால், பெயரிடலின் அடிப்படையை அவள் பாத்திகளிலேயே பார்க்கலாம் அக்கா.

கடல்நீரில் சோடியம் குளோரைடு என்றோ மக்னீசியம் சல்பேட் என்றோ தனித்தனிப் பொருள்கள் கரைந்து கிடக்கவில்லை. சோடியம், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று நேர் அயனிகளும், குளோரைடு, சல்பேட், ஹைட்ரஜன் கார்பனேட் என்று எதிர் அயனிகளும் பிரிந்து திரிகின்றன. எது எதனோடு சேர்ந்து படிகமாகும் என்பது நீர் வற்ற வற்றத்தான் முடிவாகிறது. முதலில் கால்சியம் கார்பனேட் பிரியும். உப்புநீர் மேலும் இறுகும்போது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், பாத்தியின் அடியில் படியும். வெறுங்காலில் நடந்தால் அதன் படிகங்கள் உள்ளங்காலைக் குத்தும். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் ஏறத்தாழ 25 டிகிரி காட்டும்போது சோடியம் குளோரைடு விழத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசியம் உப்புகளும் கூட வந்து உப்பு கசக்கும் என்பதால், அதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். அந்தக் கசப்பு நீரில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைத் தரும் அயனிகள். நேர் அயனியின் பெயரை முதலிலும் எதிர் அயனியின் பெயரை அடுத்தும் வைத்து, இடையில் வேறெதுவும் சேர்க்காமல் சொல்லும் முறை, இப்படிச் சேர்ந்து விழும் இணைகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

விகுதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் தொழிலில் ஒரு சான்று உண்டு. நம் நாட்டில் உப்பில் அயோடின் சேர்ப்பதற்குப் பயன்படுத்துவது பொட்டாசியம் அயோடேட். பொட்டாசியம் அயோடைடு அன்று. இரண்டிலும் பொட்டாசியம் உண்டு, இரண்டிலும் அயோடின் உண்டு, இரண்டிலும் எதிர் அயனியின் மின்சுமை -1. ஆனால் அயோடேட்டில் அயோடினோடு மூன்று ஆக்சிஜன் இருக்கிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் ஊரில் அயோடைடு சேர்த்த உப்பை மூட்டையில் வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அயோடைடை அயோடினாக மாற்றி, அது ஆவியாகிப் போய்விடும். அயோடேட் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. கொள்முதல் சீட்டில் விகுதியைத் தவறாக எழுதினால் வேறு சரக்குதான் வந்து இறங்கும்.

குலசேகரம் ரப்பர்

வேதியியலில் பட்டம் பெற்றுவிட்டுத் தோட்டம் பார்க்க வந்தவன் நான். ‘டை’, ‘ட்ரை’ போன்ற முன்னொட்டுகள் அயனிச் சேர்மங்களில் வரவே வராது என்று உங்கள் மகள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ரப்பர் மரங்களுக்கு இலை உதிர்வு நோய் வராமல் போர்டோ கலவை தெளிப்பது உண்டு. அதற்கு நாங்கள் வாங்கும் நீலக் கட்டியைத் துரிசு என்போம். அதன் முழுப் பெயர் காப்பர்(2) சல்பேட் பென்டாஹைட்ரேட். காப்பர் +2, சல்பேட் -2, ஒன்றுக்கு ஒன்று, இதுவரைக்கும் சார் சொன்ன முறைதான். பின்னால் வரும் ‘பென்டா’, ஒரு வாய்பாட்டு அலகுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் இருப்பதைச் சொல்கிறது. நீருக்கு மின்சுமை இல்லை. மின்சுமையைச் சமன்செய்து ஐந்து என்று கண்டுபிடிக்க வழியில்லாததால், அங்கே எண்ணிச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. நீலக் கட்டியை ஒரு சோதனைக் குழாயில் போட்டுச் சூடேற்றினால் நீர் வெளியேறி வெண்பொடியாகும். ஒரு துளி நீர் விட்டால் மறுபடியும் நீலம் திரும்பும். ஜிப்சத்தில் இரண்டு நீர் என்பதால் கால்சியம் சல்பேட் டைஹைட்ரேட். சலவைச் சோடாவில் பத்து நீர் என்பதால் சோடியம் கார்பனேட் டெக்காஹைட்ரேட். எந்த இடத்தில் மின்சுமை பேசுகிறதோ அங்கே எண்ணிக்கை வேண்டாம், எந்த இடத்தில் அது மௌனமாகிறதோ அங்கே வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கலவை தயாரிக்கும் விதத்தையும் சொல்கிறேன். அதில் பெயரிடலுக்கான பயிற்சி இருக்கிறது. ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ துரிசை 50 லிட்டர் நீரிலும் ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டர் நீரிலும் கரைத்துக்கொண்டு, துரிசு நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. சுண்ணாம்பு நீரில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு: கால்சியம் +2, ஹைட்ராக்சைடு -1, எனவே ஒன்றுக்கு இரண்டு. வாய்பாடு எழுதும்போது ஹைட்ராக்சைடு முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து வெளியே 2 போட வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அந்த 2 ஹைட்ரஜனுக்கு மட்டும் உரியதாகி, ஓர் ஆக்சிஜன் காணாமல் போய்விடும்.

கலவை பதமாகிவிட்டதா என்று பார்க்கத் தீட்டிய கத்தியை அதற்குள் சற்று நேரம் வைத்து எடுப்போம். கத்தியின் மேல் செம்பு நிறம் படிந்தால் காப்பர் அயனிகள் இன்னும் தனியாக நிற்கின்றன, சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். காப்பர்(2) சல்பேட்டிலிருந்து காப்பரை வெளியேற்றிவிட்டு இரும்பு அந்த இடத்துக்குப் போகிறது. உருவாகும் உப்பு இரும்பு(2) சல்பேட், இரும்பு(3) ஆவதில்லை. எண் இல்லாமல் ‘இரும்பு சல்பேட்’ என்று எழுதினால் இந்தச் செய்தி கிடைக்காது.

கருமணல் கடற்கரை

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. இங்கே மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. ரூட்டைல் என்பது டைட்டானியமும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்த கனிமம். டைட்டானியம் உலோகம், ஆக்சிஜன் அலோகம். ஆனால் பெயிண்ட் டப்பாவிலிருந்து முகப்பூச்சு வரையில் எல்லாவற்றிலும் ‘டைட்டானியம் டைஆக்சைடு’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. டார்ச் மின்கலத்துக்குள் இருக்கும் கரிய பொடிக்கும் ‘மாங்கனீசு டைஆக்சைடு’ என்றே பெயர். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் ‘டை’ வராது என்ற விதி இங்கே எங்கே போயிற்று? தொழிற்சாலையில் ஒரு பெயர், தேர்வுத்தாளில் ஒரு பெயர் என்றால் பிள்ளைகள் எதை நம்புவது?

கோட்டாறு சார்

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பள்ளியில் கற்பிப்பது ஒரு மரபு. இயற்கையின் சட்டம் அன்று. வேதியியலாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐயூபேக், இரும்பு(3) குளோரைடு என்பதையும் இரும்பு ட்ரைகுளோரைடு என்பதையும் ஏற்றுக்கொள்கிறது. முன்னது மின்சுமையைச் சொல்லி எண்ணிக்கையை நம்மிடம் விட்டுவிடுகிறது. பின்னது எண்ணிக்கையைச் சொல்லி மின்சுமையை நம்மிடம் விட்டுவிடுகிறது. இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் சேர்த்து ‘இரும்பு(3) ட்ரைகுளோரைடு’ என்று எழுதுவது கூறியது கூறல். ரூட்டைலை டைட்டானியம் டைஆக்சைடு என்றும் சொல்லலாம், டைட்டானியம்(4) ஆக்சைடு என்றும் சொல்லலாம். இரண்டு ஆக்சைடுகளுக்கு -4, எனவே டைட்டானியம் +4.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். +4 என்ற அளவுக்கு உயர்ந்த மின்சுமை வரும்போது, பிணைப்பைத் தூய அயனிப் பிணைப்பு என்று சொல்ல இயலாது. பங்கீட்டுத் தன்மை கணிசமாகக் கலந்திருக்கும். டைட்டானியத்தோடு நான்கு குளோரின் சேர்ந்தது அறை வெப்பத்தில் திரவம். அதற்குள் தனித்தனி மூலக்கூறுகள் இருக்கின்றன. அதை டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்று எண்ணிச் சொல்வதே பெருவழக்கு. உலோகம், அலோகம் என்று மட்டும் பார்த்து அயனிச் சேர்மம் என்று முத்திரை குத்துவது தொடக்க நிலைக்கு உதவும்; எல்லா இடத்திலும் செல்லாது. இருந்தாலும் பதினொன்றாம் வகுப்புத் தேர்வில் மக்னீசியம் டைகுளோரைடு என்று எழுதிவிட்டு ஐயூபேக்கைத் துணைக்கு அழைக்க வேண்டாம் என்றே அந்தப் பிள்ளைக்குச் சொல்வேன். மாற்று இல்லாத இடத்தில் எண்ணிக்கை சொல்வது வீண் என்பதைத்தான் அந்த வினா சோதிக்கிறது.

உங்கள் ஊர் மணலே நல்ல பயிற்சி தரும். இல்மனைட்டில் ஒரு இரும்பு, ஒரு டைட்டானியம், மூன்று ஆக்சிஜன். மொத்தம் -6. இரும்பு +2 ஆகவும் டைட்டானியம் +4 ஆகவும் நிற்பதால் கணக்கு நேராகிறது; இரும்பு(2) டைட்டனேட் என்று எழுதலாம். 1909 இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் கண்டறிந்த மோனசைட், சீரியம், லாந்தனம் முதலிய அருமண் உலோகங்களின் பாஸ்பேட். பாஸ்பேட்டின் மின்சுமை -3, சீரியம் அங்கே +3, ஒன்றுக்கு ஒன்று. சீரியம் +4 ஆகவும் இருக்க வல்லது என்பதால் சீரியம்(3) பாஸ்பேட் என்று எண்ணோடு எழுத வேண்டும். லாந்தனம் +3 இல் மட்டும் நிற்பதால் லாந்தனம் பாஸ்பேட் என்றாலே போதும். அதே மோனசைட்டுக்குள் இருக்கும் தோரியத்தின் மின்சுமை +4. அது +3 அயனியின் இடத்தில் போய் உட்காரும்போது ஒரு நேர்மின்சுமை கூடுதலாகிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட, அருகில் ஒரு பாஸ்பேட்டுக்குப் பதிலாக -4 கொண்ட சிலிக்கேட் வந்து அமைவது உண்டு. படிகமும் கூட்டிப் பார்த்துத்தான் தன்னை அமைத்துக்கொள்கிறது.

வேளிமலை அடிவாரம்

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. மகளும் நானும் சேர்ந்து எல்லாப் பதில்களையும் வாசித்தோம். எதிர் அயனியிலிருந்து தொடங்கிக் கூட்டிப் பார்க்கும் முறை அவளுக்குப் பிடித்துவிட்டது. பயிற்சிக்காகச் சிலவற்றை எழுதியிருக்கிறாள். சார் பார்த்துச் சொன்னால் நல்லது.

இரண்டு காப்பரும் ஒரு ஆக்சிஜனும்: காப்பர்(1) ஆக்சைடு. இரண்டு அம்மோனியமும் ஒரு சல்பேட்டும்: அம்மோனியம் சல்பேட். மூன்று மக்னீசியமும் இரண்டு நைட்ரஜனும்: மக்னீசியம் நைட்ரைடு. ஒரு காரீயமும் இரண்டு ஆக்சிஜனும்: காரீயம்(4) ஆக்சைடு. இதே வழியில் ஒரு பேரியமும் இரண்டு ஆக்சிஜனும் உள்ளதற்குப் பேரியம்(4) ஆக்சைடு என்று எழுதியிருக்கிறாள். ஆனால் இரண்டாம் தொகுதிக்கு எண் தேவையில்லை என்று நீங்கள் சொல்லியிருப்பதால், அது எப்படி என்று அவளுக்கே சந்தேகம். கடைசியாக, இரண்டு பாதரசமும் இரண்டு குளோரினும் என்று ஒரு வாய்பாடு வினாத்தாள் தொகுப்பு ஒன்றில் இருக்கிறது. அதை ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்காமல் விட்டிருப்பது அச்சுப்பிழையா என்று கேட்கிறாள்.

கோட்டாறு சார்

முதல் நான்கும் சரி. சந்தேகம் வந்த இடங்கள் இரண்டும் சந்தேகப்பட வேண்டிய இடங்களே.

பேரியம் இரண்டாம் தொகுதி. அது +4 ஆவதில்லை. உலோகத்தின் மின்சுமை உறுதியாகத் தெரியும்போது கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போட வேண்டும். பேரியம் +2 என்றால் அந்த இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து -2 மட்டுமே தாங்குகின்றன. ஆகவே அவை இரண்டு தனி ஆக்சைடு அயனிகளாக இருக்க முடியாது. ஒன்றோடொன்று பிணைந்து -2 மின்சுமையுள்ள ஒரே அயனியாக நிற்கின்றன. அதற்குப் பெராக்சைடு என்று பெயர். எனவே சேர்மத்தின் பெயர் பேரியம் பெராக்சைடு. ஹைட்ரஜன் பெராக்சைடில் இருப்பதும் இதே ஆக்சிஜன் இணைதான். பேரியம் பெராக்சைடோடு நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைப்பதைப் பாடத்திலேயே படிப்பாள். காரீயம் +4 ஆகக் கூடியது என்பதால் அங்கே இரண்டு ஆக்சைடு என்று கொண்டது பொருந்தியது. பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்த இரண்டு வாய்பாடுகள்; உள்ளே இருக்கும் அயனிகள் வேறு.

பாதரசக் கணக்கில் அச்சுப்பிழை இல்லை. பாதரசம்(1) என்ற நிலையில் இரண்டு பாதரச அணுக்கள் தமக்குள் பிணைந்து, இரண்டும் சேர்ந்து +2 மின்சுமையுள்ள ஓர் அயனியாகின்றன. ஒன்றுக்கு +1 வீதம். அந்த இணை பிரியாது என்பதால் வாய்பாட்டைச் சுருக்கக் கூடாது. பெயர் பாதரசம்(1) குளோரைடு. ஒரு பாதரசமும் இரண்டு குளோரினும் இருந்தால் அது பாதரசம்(2) குளோரைடு. நீரில் கரையும் கொடிய நஞ்சு. முன்னது நீரில் ஏறத்தாழக் கரையாது.

அடுத்த பயிற்சியாகப் படிகாரத்தைக் கொடுங்கள். ஒரு பொட்டாசியம், ஒரு அலுமினியம், இரண்டு சல்பேட், பன்னிரண்டு நீர். இரண்டு நேர் அயனிகள் இருக்கின்றன, நீரும் இருக்கிறது. மின்சுமையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முழுப் பெயரையும் எழுதி இங்கே இடச் சொல்லுங்கள். எங்கே முன்னொட்டு வேண்டும், எங்கே வேண்டாம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதட்டும்.